கடைசி பெஞ்சில் தொங்கிய மைக்

என் குரலை நானே முதன்முதலாக வெளியிலிருந்து கேட்டபோது எனக்கு இருபத்தொன்பது வயது. டீச்சர் வேலைக்கு வந்து எட்டு வருஷம் முடிந்திருந்தது.

அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்திருந்தார்கள். வகுப்பில் கருவிகளை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்பதுதான் விஷயம். மெட்ராஸிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒரு ரேடியோ, சுவரில் படம் காட்டுகிற விளக்கு, ஒரு டேப் ரெக்கார்டர் மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தார். முன்வரிசையில் இருந்த என்னை எழுப்பி, "ஏதாவது சொல்லுங்க டீச்சர், உங்க வகுப்புல சொல்ற மாதிரியே" என்றார். நான் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொன்னேன். அவர் சக்கரத்தைப் பின்னால் ஓடவிட்டுத் திரும்பப் போட்டார். யாரோ ஒரு பெண்பிள்ளை சந்தையில் சண்டைக்கு நிற்பதுபோல் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கத்தினாள். யார் அது என்று நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் தூக்கிவாரிப் போடும்" என்றார் அதிகாரி. "பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டறதெல்லாம் அப்புறம். முதல்ல ஒரு நாள் உங்க வகுப்பை நீங்களே பதிவு பண்ணி, தனியா உட்கார்ந்து முழுசா கேளுங்க. உங்களை நீங்களே தெரிஞ்சுக்க இதைவிட லேசான வழி வேற கிடையாது."

அதற்குள் காப்பியும் வடையும் வந்துவிட்டன. அவர் சொன்னதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. நான் மட்டும் அந்தக் குரலை மறக்க முடியாமல் பஸ் ஏறினேன். என்னை நானே சாதுவான டீச்சர் என்று நினைத்திருந்தேன். எங்கள் அப்பாவும் வாத்தியார்தான். மாதா கோவிலில் பாட்டுக் குழுவில் பாடியவள் நான். என் தொண்டையில் அப்படி ஒருத்தி இருப்பாள் என்று கனவிலும் நினைத்ததில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. ஊரில் ஒரு வயதான ஆச்சிக்கு, பினாங்கில் இருந்த மகன் அனுப்பியது. கடிதத்துக்குப் பதில் குரலைப் பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தானாம். ஆச்சி அதன் முன்னால் உட்கார்ந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தலைமையாசிரியர் அதைத் துண்டில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். அவர் சிங்கம்புணரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். எந்தப் பொருளையும் கெட்டுப்போகுமே என்ற பயத்தோடு தொடுகிறவர்.

"பழுதாச்சுன்னா இங்குட்டு யாரு டீச்சர் பாக்குறது? மதுரைக்குத் தூக்கணும்" என்று இரண்டு வாரம் தட்டிக்கழித்தார். மூன்றாவது வாரம், நான் விடமாட்டேன் என்று தெரிந்ததும், தானே தூக்கிக்கொண்டு வந்து வகுப்பில் வைத்தார்.

பள்ளிக்கூடம் அப்போது ஒரு பழைய வீட்டில் நடந்தது. வெளிநாட்டில் இருந்த குடும்பம், சொந்தக் கட்டடம் எழும்புகிற வரைக்கும் என்று விட்டுக்கொடுத்த வீடு. என்னுடைய ஏழாம் வகுப்பு நீளமான கூடத்தில். முன்கோடியில் கரும்பலகை. பிளக் போடுகிற இடம் பின்சுவரில் ஒன்றே ஒன்று. வயர் குட்டை. அதனால் பெட்டியைக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் வைத்து, மைக்கை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். கடைசி பெஞ்சில் இருக்கிறவர்களின் தலைக்கு ஒரு முழம் மேலே அது தொங்கியது.

அந்த பெஞ்சில் இரண்டு பெண்கள். இருவரும் உயரம் என்பதால் அங்கே உட்கார வைத்திருந்தேன். ஒருத்தி ரெட்டைச் சடைக்காரி, ஊரில் பெரிய வீட்டுப் பெண். மனக்கணக்கில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நான் கேட்டு முடிப்பதற்குள் கை மேலே இருக்கும். எல்லோர் முன்னிலையிலும் அவளைத்தான் புகழ்வேன். மற்றவள் ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கிற பட்டறைத் தொழிலாளியின் மகள். ஏழாம் வகுப்பில் ஒரு தடவை பெயிலாகி, மறுபடியும் என்னிடமே வந்தவள். கரும்பலகைக் கணக்கைக் காப்பி எழுதக்கூட அவளுக்கு வராது என்பது என் முடிவு. வாரத்துக்கு இரண்டு தடவையாவது என் அடிஸ்கேல் அவள் உள்ளங்கையில் விழும்.

அன்றைக்கு முதல் கால் மணி நேரம் மனக்கணக்கு. பிறகு கரும்பலகையில் கணக்கு எழுதிப்போட்டுச் செய்யச் சொன்னேன். வகுப்பு முடிகிறவரை சக்கரம் ஓடியது. பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் பெட்டியையே மறந்துவிட்டார்கள். நானும் மறந்துவிட்டேன்.

பள்ளி விட்டதும் தலைமையாசிரியர் அறையில் அதைப் போட்டோம். தனியாகக் கேட்க அவர் விடவில்லை. பெட்டியை விட்டு நகர அவருக்கு மனம் இல்லை.

முதலில் என் குரல். பயிற்சியில் கேட்டதைவிட மோசம். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு அதட்டல், பின்னால் ஒரு அதட்டல்.

"நான் இப்படியா சார் பேசுறேன்?"

"இப்படித்தான் டீச்சர்" என்றார் அவர், சாதாரணமாக. "எனக்குத் தினமும் இங்க கேக்கும்."

 அப்போதுதான் இன்னொன்று கேட்டது.

"ஒரு வண்டி மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் போகுது. ரெண்டரை மணி நேரத்துல எவ்வளவு தூரம் போகும்?" என்று டேப்பில் நான் கேட்கிறேன். உடனே, மூச்சுக்காற்று மாதிரி ஒரு சத்தம்: "நாப்பத்தஞ்சு." அதற்கப்புறம்தான் ரெட்டைச் சடைக்காரியின் தெளிவான குரல்: "நாற்பத்தைந்து, டீச்சர்!" நான்: "சபாஷ்!"

கூடத்தின் எதிரொலி என்றுதான் நினைத்தேன். ஆனால் எதிரொலி பின்னால் வரும். இது முன்னால் வந்தது.

"தளத்துக்கு ஒரு பக்கம் பதினாறு கல்லு, இன்னொரு பக்கம் பதினஞ்சு கல்லு. மொத்தம் எத்தனை?" 

நான் கேள்வியை முடிக்கும்போதே அந்த மூச்சு: "இருநூத்தி நாப்பது."

பிறகு கணீரென்ற குரல். பிறகு என் சபாஷ்.

தலைமையாசிரியர் முன்னால் குனிந்தார். "டீச்சர், இது யாரு?"

திரும்பவும் ஓடவிட்டோம். மூன்று தடவை கேட்டோம். சந்தேகமே இல்லை. மைக்குக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தவள் பட்டறைப் பெண். எந்தக் கணக்கையும் விடாமல், ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லாமல், அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு வருஷமாக மண்டு என்று கூப்பிட்டவள்.  

தலைமையாசிரியர் தன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெட்டியை மூடினார். கரும்பலகைக் கணக்கு இருந்த மிச்சப் பகுதியை நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்ற எண்ணம். ஒருத்தியின் அறிவை இன்னொருத்தி திருடிக்கொண்டு என்னிடம் சபாஷ் வாங்குகிறாள்! வீடு போகிற வரைக்கும் உடம்பு கொதித்தது. என் மேல் வரவேண்டிய கோபம் எல்லாம் அந்த ரெட்டைச் சடை மேல் போனது. அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பது அன்றைக்குப் புரியவில்லை.

மறுநாள் நான் செய்த காரியத்தை இன்றைக்கும் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

வகுப்பில் பெட்டியை மேஜைமேல் வைத்தேன். "நேத்து நம்ம வகுப்பு எப்படி நடந்துச்சுன்னு எல்லாரும் கேளுங்க" என்று போட்டேன். பிள்ளைகளுக்குச் சந்தோஷம். தங்கள் குரல் வரும்போதெல்லாம் கெக்கலித்தார்கள். அந்த மூச்சுச் சத்தம் வந்த இடத்தில் நிறுத்தினேன். திரும்பப் போட்டேன். "இது யாரு குரல்?" என்று கேட்டேன்.  மறுபடியும் போட்டேன். முன்பெஞ்சுப் பையன்கள் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள்.

"அடுத்தவ சொல்லிக்கொடுத்ததைத் தன் பதிலா சொல்லிச் சபாஷ் வாங்குறதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன்.

யாரோ ஒரு பையன் சொன்னான்: "திருட்டு, டீச்சர்."

 ரெட்டைச் சடைக்காரி எழுந்து நின்றாள், நான் எழுந்து நிற்கச் சொல்லாமலேயே. பிறகு புத்தகப் பையைக்கூட எடுக்காமல் கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

பட்டறைப் பெண்ணுக்கு நீதி செய்துவிட்டோம் என்று அவளைப் பார்த்தேன். அவள் முகம் மலர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவளோ என் பக்கம் முகத்தைத் திருப்பி, கண்களை இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். அந்தக் கண் இடுக்கலைத் திமிர் என்று நினைத்து நான் எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். இரண்டு வருஷத்தில் முதல்தடவையாக வகுப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி அவள் பேசினாள்.

"முழுசும் கேட்டீகளா டீச்சர்?"

அவ்வளவுதான் கேட்டாள். உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் திறக்காமல், தலைமையாசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக மிச்சத்தைக் கேட்டேன்.

கரும்பலகையில் சாக்பீஸ் தேய்கிற சத்தம். தூரத்தில் என் குரல்: "பார்த்து எழுதுங்க." உடனே, மைக்குக்குப் பக்கத்தில், அந்த மூச்சுக் குரல்: "என்னடி எழுதியிருக்காக?"

ரெட்டைச் சடைக்காரியின் கிசுகிசுப்பு: "பொறு. பெரிசா எழுதித் தாரேன்."

"மேல் வரி தெரியுது. கீழ அஞ்சா, மூணா?"

"அஞ்சு. உனக்கு மேல் வரியும் தெரியாது, சும்மா சொல்லாதடி."

இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரிக்கிறார்கள். பென்சில் கீறுகிறது. பிறகு என் குரல், இடி மாதிரி: "யாரது அங்க பேச்சு?" செருப்புச் சத்தம் கிட்டத்தில் வருகிறது. "நீயா? உனக்குத்தான் ஒண்ணும் வராதே, பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்லை. நீட்டு கையை."

அப்போது ரெட்டைச் சடைக்காரி சொல்கிறாள். தெளிவாக, பயத்தோடு, சொல்கிறாள்: "நான்தான் பேசினேன் டீச்சர்."

"நீ உக்காரு" என்கிறேன் நான்.

பிறகு அடிஸ்கேல் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

அடிக்கிற கைக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை. டேப்பில் அது பலகை முறிகிற மாதிரி கேட்டது. மூன்றுக்கும் அவள் ஒரு சின்ன முனகலைக்கூட வெளியில் விடவில்லை. நான் நகர்ந்து போன பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அது அடிபட்டவளுடையது இல்லை. மற்றவளுடையது.

சக்கரம் முடிந்து டேப்பின் நுனி டப், டப் என்று சுற்றிக்கொண்டிருந்தது.  எத்தனையோ சனிக்கிழமை மாதா கோவில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், ஜெபத்தில் பராக்காக இருந்தேன் என்று தேடித்தேடிச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அடிஸ்கேலைச் சொன்னதில்லை. அது பாவம் என்று தோன்றினால்தானே சொல்வதற்கு?

மாலையில் பட்டறைப் பெண்ணை நிறுத்திக்கொண்டேன். நாலு எட்டு தள்ளி நின்று மூன்று விரலைக் காட்டினேன். "எத்தனை?"

கண்ணை இடுக்கினாள். "கை தெரியுது டீச்சர்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்லை?"

தரையைப் பார்த்தாள்.  பிறகு, குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல் சொன்னாள்: "போன வருஷம் ஆரம்பத்துல கணக்கு சொன்னேன் டீச்சர். நீங்க போர்டுல வந்து செய்யச் சொன்னீக. தெரியலைன்னு கிட்டக்கப் போனேன். 'என்ன, போர்டை மோந்து பாக்குறியா?'ன்னு கேட்டீக. எல்லாரும் சிரிச்சாக. அதுக்கப்புறம் எல்லாரும் என்னை மோப்பம்னுதான் கூப்பிடுறாக."

எனக்கு அது ஞாபகமே இல்லை. இன்றுவரை எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஒரு பிள்ளையை இரண்டு வருஷம் வாய் மூட வைத்த வார்த்தை, சொன்னவளுக்குச் சொன்னதே தெரியவில்லை. டேப்பில் பதிவான எதுவும், பதிவாகாத அந்த ஒரு வரி அளவுக்கு என்னை அடித்துப்போடவில்லை.

"வாய்விட்டுப் பதில் சொன்னா போர்டுக்குக் கூப்பிடுவீக. அதான் எனக்குப் பதிலா அவ சொன்னா" என்றாள். "போர்டை அவ பாத்துச் சொல்லுவா. எனக்கு வேற யாரு டீச்சர் சொல்லுவா?"

மறுநாள் சனிக்கிழமை. ரெட்டைச் சடைக்காரியின் வீட்டுக்குப் போனேன், அவள் விட்டுப்போன புத்தகப் பையை எடுத்துக்கொண்டு. அவள் அம்மா, "வாங்க டீச்சர், பிள்ளைக்கு வயித்துவலின்னு படுத்திருக்கா, நீங்க பாக்க வந்தீகளா?" என்று அன்பாக உள்ளே கூப்பிட்டார்கள். அவள் வீட்டில் ஒன்றுமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

உள்ளிருந்து வந்தவள் தூணை ஒட்டி நின்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் திருடலை டீச்சர். நாங்க மாத்திக்கிட்டோம்."

"என்னத்தை மாத்துனீக? என்ன திருட்டு?" என்று அவள் அம்மா பதறிப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"பிள்ளை மேல தப்பு இல்லை ஆச்சி. தப்பு என்னுது" என்றேன். நடந்ததைச் சொன்னேன். முழுசும் கேட்காமல் போட்டுக்காட்டியதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகம் இறுகியது. கோபமாக ஒரு வார்த்தை வரவில்லை. கொண்டுவந்து வைத்த காப்பியைக் குடிக்கச் சொல்லவும் இல்லை.

"டேப்பை முழுசும் கேட்டேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "நான்தான் பேசினேன்னு நீ சொன்னது கேட்டுச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கே சொன்னேனே டீச்சர். அப்ப உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்டிருக்க வேண்டும். இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். என் காதில் விழுந்துதான் "நீ உக்காரு" என்று சொல்லியிருக்கிறேன். 

திங்கட்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். இரண்டு பேரையும் நான் தப்பாக நினைத்தேன், தப்பாகப் பேசினேன், அடித்தது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. மோப்பம் என்ற பேரை இனி யார் சொன்னாலும் அது நான் சொன்னதாகத்தான் அர்த்தம் என்றும் சொன்னேன். பிள்ளைகள் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தார்கள். அடித்தபோதுகூட அவர்கள் அப்படி மிரண்டதில்லை. வாசலில் நின்று கேட்ட தலைமையாசிரியருக்குப் பிள்ளைகளைவிட அதிர்ச்சி.

"என்ன டீச்சர் இது, பிள்ளைககிட்டப் போயி மன்னிப்புக் கேக்குறீக? நாளைக்கு எவன் மதிப்பான்?"

"நேத்து வரைக்கும் மதிச்சாங்களா சார்? பயந்தாங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

பட்டறைப் பெண்ணின் அப்பாவைப் பார்க்க ஆத்தங்குடிக்குப் போனேன். கல் வார்க்கிற அச்சின் முன்னால் உட்கார்ந்து கண்ணாடித் தட்டின்மேல் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை நம்பவே இல்லை.

"கண்ணு தெரியாத பிள்ளையா? என்ன டீச்சர் சொல்றீக! வாசல்ல கோலம் அவதான் போடுறா. கல்லுல பூ ஒரு இழை மாறியிருந்தாலும் எடுத்துக் காட்டிருவா."

"கிட்டத்துல இருக்கிறது தெரியும். எட்ட இருக்கிறது தெரியாது. அந்த மாதிரிக் கண்ணு."

அவர் கை அப்படியே நின்றது. ஊற்றிய சாயம் அச்சைத் தாண்டி வழிந்தது. "ரோட்டுல எதிர்ல வந்தா என்னையவே பாக்காம போவா டீச்சர். பெரிய படிப்புப் படிக்குதுன்னு திமிரு வந்திருச்சுன்னு நினைச்சேன். ஒருநாள் அறைஞ்சிட்டேன்" என்றார். அந்தப் பெண்ணின் கண்ணை ஆளாளுக்குத் திமிர் என்றே படித்திருக்கிறோம். பிறகு தயக்கத்தோடு கேட்டார்: "கண்ணாடி போட்ட பொண்ணை நாளைக்கு எவன் கட்டுவான்?" அவர் மனைவி பட்டறை வாசலிலிருந்தே சத்தம் போட்டார்கள்: "முதல்ல அவ ரோட்டைப் பாக்கட்டும்யா. மாப்பிள்ளையை அப்புறம் பாக்கலாம்."

காரைக்குடிக்குக் கண் டாக்டரிடம் நானும் அவள் அம்மாவும் கூட்டிப்போனோம். சுவரில் இருந்த அட்டையில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெரிய எழுத்தே அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை வருஷமா உங்க வகுப்புல இருக்கா டீச்சர்?"

"ரெண்டு வருஷமா."

 அவர் சீட்டில் எழுதத் தொடங்கினார். ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இருந்தது எனக்கு.

ஒரு வாரம் கழித்துக் கண்ணாடி வாங்கப் போனோம். கடைக்காரர் மாட்டிவிட்டதும் அவள் தெருவைப் பார்க்கவில்லை, எதிரே சுவரில் இருந்த எழுத்து அட்டையையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். வாய் திறந்தது.

"டீச்சர்! உங்க முகமெல்லாம் அம்மைத் தழும்பு!"

சொன்ன உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அம்மா முதுகில் ஒன்று வைத்தார்கள். எனக்கு ஏழு வயதில் வந்த அம்மை. ஊருக்கே தெரியும். இரண்டு வருஷம் என் எதிரில் உட்கார்ந்திருந்தவளுக்கு என் முகமே தெரிந்ததில்லை. அவளுக்கு நான் ஒரு சேலை நிறமும் ஒரு குரலுமாக இருந்திருக்கிறேன். அதிலும் அந்தக் குரலாக. சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்காரர் எதற்கு என்று புரியாமல் துடைத்துக்கொள்ளக் கண்ணாடி துடைக்கிற துணியைக் கொடுத்தார்.

அதற்கப்புறம் அந்தப் பெட்டி பீரோவுக்குள் போகவில்லை. வாரத்தில் ஒரு நாள் பதிவு. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவேன். நீளமான வயர் ஒன்று போட்டுத் தந்தார் ஊர் எலக்ட்ரீஷியன். மைக்கை ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பெஞ்சுக்கு மாற்றுவேன். முழுசாக, தனியாகக் கேட்பேன். ஒவ்வொரு பெஞ்சிலும் எனக்குத் தெரியாத ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான் கேள்வி கேட்டதெல்லாம் நாலைந்து பேரைத்தான் என்று தெரிந்தது. கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு ஒரு மூச்சு நேரம்கூடக் கொடுக்காமல் நானே பதிலைச் சொல்லிவிடுகிறேன் என்று தெரிந்தது. கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். முதல் வாரம் அந்த ஐந்தை எண்ணி முடிப்பது மலையேறுவது மாதிரி இருந்தது. மூன்றாவது வாரத்தில், இதுவரை வாயே திறக்காதவர்களின் குரல்கள் டேப்பில் வரத் தொடங்கின. அடிஸ்கேலை முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்பே விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய். இரண்டு தடவை கை ஓங்கினேன். ஒரு தடவை விழுந்தது. அதையும் டேப்பில் கேட்டேன்.

தலைமையாசிரியர் ஒரு நாள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "எட்டாம் வகுப்புல நான் எடுக்கிற சரித்திரத்தையும் ஒருவாட்டி பிடிச்சுக் குடுங்களேன்" என்றார். கேட்டுவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

பட்டறைப் பெண்ணை முன்பெஞ்சுக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. கண்ணாடி போட்ட பிறகு கடைசி பெஞ்சிலிருந்தே எல்லாம் தெரிகிறதாம். ரெட்டைச் சடைக்காரியும் அடுத்த வாரமே திரும்ப வந்தாள். அதே இடத்தில், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இருவருக்குள்ளும் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க என் வகுப்பில் அவள் கை தூக்கவில்லை. கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்வாள், பெரும்பாலும் சரியாகவே. மனக்கணக்கு அவளுக்கும் வரும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். தானாகக் கை தூக்குவதில்லை, அவ்வளவுதான். ஐந்து எண்ணிப் பார்த்தேன், பத்து எண்ணிப் பார்த்தேன். அந்தக் கை எழவில்லை.

பட்டறைப் பெண் பதினோராம் வகுப்பு முடித்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குப் போனாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊர் ஊராகக் குரல்களை இணைத்துவிடுகிற வேலை. அவளைக் கட்டிக்கொண்டவரும் கண்ணாடி போட்டவர்தான். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளோடு வீட்டுக்கு வருவாள். பழையதை நான் எடுத்தால், "விடுங்க டீச்சர்" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

ரெட்டைச் சடைக்காரியின் குடும்பம் அந்த வருஷக் கடைசியில் மெட்ராஸுக்குப் போய்விட்டது. அப்பாவின் வியாபாரத்துக்காக என்று சொன்னார்கள். அதுவே காரணமாக இருக்கலாம். மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் அம்மாவோடு வந்திருந்தாள். தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுகிறவரை வராந்தாவில் நின்றோம். நல்லாப் படிக்கணும் என்றேன். சரி டீச்சர் என்றாள். வண்டி ஏறும்போது அவள் அம்மா கை கூப்பினார்கள். மெட்ராஸில் எந்தத் தெரு என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.